லூயி டாகுவேர்

லூயி ஜாக் மாண்டே டாகுவேர் (நவம்பர் 18, 1787 - ஜூலை 10, 1851) பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஓவியரும், மேடை அரங்க வடிவமைப்பாளரும், கண்டுபிடிப்பாளரும் ஆவார். நடைமுறையில் பரவலாகப் பயன்பட்ட முதல் ஒளிப்பட முறையான டாகுவேரோடைப் இவருடைய பெயராலேயே வழங்கப்படுகிறது. 1839 ஆம் ஆண்டில் இம்முறை பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டதே ஒளிப்படவியலின் தொடக்கமாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. எனினும் இக்கண்டுபிடிப்பில் இவருடைய கூட்டாளியான நிசெபோர் நியெப்சின் பங்கு எவ்வளவு என்பது அக்காலம் முதலே விவாதத்துக்கு உரியதாக இருந்து வருகிறது.

இளமையும் மேடை ஓவியப் பணியும்

டாகுவேர் பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள கொர்மெய் ஆன் பாரிசி என்னும் ஊரில் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பத்துடன் ஓர்லியான் நகருக்குக் குடிபெயர்ந்தார். பிரெஞ்சுப் புரட்சியின் குழப்பம் நிறைந்த காலத்தில் வளர்ந்ததால் இவருக்கு முறையான கல்வி அதிகம் கிடைக்கவில்லை. ஆனால் படம் வரைவதில் திறமை இருந்தது. முதலில் ஒரு கட்டடக் கலைஞரிடம் பயிற்சி பெற்ற இவர், பின்னர் பாரிசுக்குச் சென்று, அங்கு ஓப்பரா அரங்கின் மேடை ஓவியராக விளங்கிய டெகோட்டியிடம் தொழில் கற்றார். அதன் பின்னர் பியேர் பிரெவோ என்பவரிடம் உதவியாளராகச் சேர்ந்து, பார்வையாளரைச் சுற்றி வட்டமாக அமைக்கப்படும் பனோரமா என்னும் பேரோவியங்களை வரைவதில் ஈடுபட்டார். 1810 இல் லூயிஸ் ஜோர்ஜினா ஆரோஸ்மித் என்பவரை மணந்தார். இவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

பிற்காலத்தில் பாரிசின் ஆம்பிகு கோமிக் அரங்கிலும் ஓப்பரா அரங்கிலும் டாகுவேர் அமைத்த மேடைக் காட்சிகள் பெரும் பாராட்டைப் பெற்றன. நிலவொளி, எரிமலை, சூரிய உதயம் போன்றவற்றை மேடையில் உண்மை போலத் தோன்றச் செய்வதில் இவர் வல்லவராக இருந்தார். ஓவியத்தைவிட ஒளியைக் கையாள்வதே இவருடைய தனித்திறமை எனலாம்.

டயோராமா

1822 ஜூலை 11 அன்று டாகுவேரும் சார்ல் மாரி பூதோன் என்னும் ஓவியரும் இணைந்து பாரிசில் டயோராமா என்னும் காட்சி அரங்கைத் திறந்தனர். இதில் நடிகர்கள் கிடையாது. ஒளி ஊடுருவக்கூடிய மிகப்பெரிய துணித்திரையில் வரையப்பட்ட ஓவியமே காட்சிப் பொருள். திரையின் முன்புறமும் பின்புறமும் விழும் பகல் வெளிச்சத்தை மறைப்புகளாலும் வண்ணத் திரைகளாலும் கட்டுப்படுத்தி, ஒரே ஓவியத்தில் காலை மாலையாவதையும், மூடுபனி விலகுவதையும் பார்வையாளருக்குக் காட்டினர். ஒரு காட்சி முடிந்ததும் பார்வையாளர் அமர்ந்திருக்கும் மேடை அப்படியே சுழன்று அடுத்த ஓவியத்தை நோக்கித் திரும்பும். தொடக்கத்தில் டாகுவேர் வரைந்த சுவிட்சர்லாந்தின் சார்னன் பள்ளத்தாக்கும், பூதோன் வரைந்த கேன்டர்பரி தேவாலயக் காட்சியும் இடம்பெற்றன. 1823 இல் இலண்டனிலும் ஒரு டயோராமா திறக்கப்பட்டது.

1834 இல் திரையின் இரு பக்கங்களிலும் ஓவியம் தீட்டும் முறையை டாகுவேர் புகுத்தினார். முன்பக்க ஒளியில் வெறுமையாகத் தெரியும் தேவாலயம், பின்பக்க ஒளி கூடக்கூட மக்கள் நிறைந்த நள்ளிரவுப் பூசையாக மாறும் காட்சி மிகவும் புகழ் பெற்றது.

இத்தகைய ஓவியங்களைத் தூரக் காட்சிப் பிழையின்றி வரைவதற்கு இருட்டறைப் பெட்டி என்னும் கருவியை டாகுவேர் பயன்படுத்தி வந்தார். இது ஒரு பக்கத்தில் வில்லை பொருத்தப்பட்ட பெட்டியாகும். வெளியே உள்ள காட்சி வில்லை வழியாக உள்ளே கண்ணாடியில் விழும். ஓவியர் அதன்மேல் தாளை வைத்துக் கோடுகளை வரைந்து கொள்வார். அப்படி விழும் படிமத்தைக் கையால் வரையாமல் தானாகவே நிலைத்து நிற்கச் செய்ய முடியுமா என்னும் கேள்வியே இவரை ஒளிப்பட ஆய்வுக்கு இட்டுச் சென்றது. ஆனால் இவருக்கு வேதியியல் பயிற்சி இல்லை.

நியெப்சுடன் கூட்டு

இதே கேள்விக்கு விடை தேடி, சாலோன் சுர் சோன் நகரைச் சேர்ந்த நிசெபோர் நியெப்ஸ் பல ஆண்டுகளாக ஆய்வு செய்து கொண்டிருந்தார். யூதேயா நிலக்கீல் என்னும் தார் போன்ற பொருளை இலாவண்டர் எண்ணெயில் கரைத்து, உலோகத் தகட்டில் பூசி, இருட்டறைப் பெட்டியில் வைத்தால், ஒளி பட்ட இடம் கெட்டியாகி விடும். ஒளி படாத இடத்தைக் கரைத்து நீக்கிவிடலாம். இம்முறையில் தம் வீட்டுச் சாளரத்திலிருந்து தெரிந்த காட்சியை 1826 அல்லது 1827 ஆம் ஆண்டில் நியெப்ஸ் பதிவு செய்தார். இன்று கிடைக்கும் ஒளிப்படங்களுள் இருட்டறைப் பெட்டியில் எடுக்கப்பட்ட மிகப் பழையது இதுவே. ஆனால் ஒரு படத்துக்குக் குறைந்தது எட்டு மணி நேர வெயில் தேவைப்பட்டது.

பாரிசில் வில்லை விற்ற செவாலியே குடும்பத்தினர் வழியாக நியெப்சைப் பற்றி அறிந்த டாகுவேர், 1826 இல் அவருக்குக் கடிதம் எழுதினார். நியெப்ஸ் முதலில் ஐயத்துடனேயே பதிலளித்தார். 1827 இல் இருவரும் பாரிசில் சந்தித்தனர். 1829 டிசம்பர் 14 அன்று பத்து ஆண்டுகளுக்கான கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். நியெப்ஸ் தம் கண்டுபிடிப்பையும், டாகுவேர் மேம்படுத்தப்பட்ட இருட்டறைப் பெட்டியையும் தம் உழைப்பையும் தருவது என்றும், இலாபத்தைச் சமமாகப் பகிர்ந்து கொள்வது என்றும் முடிவாயிற்று.

நியெப்ஸ் தம் வெள்ளித் தகடுகளில் படத்தின் கருமையைக் கூட்டுவதற்காக அயோடினைப் பயன்படுத்தி வந்தார். அயோடின் ஆவி பட்ட வெள்ளி ஒளியால் மாற்றமடைகிறது என்பதை டாகுவேர் 1831 இல் கவனித்தார். பின்னாளில் டாகுவேரோடைப்பின் அடிப்படையாக அமைந்தது இதுவே. ஆனால் இதன் பயனை நியெப்ஸ் காணவில்லை. அவர் 1833 ஜூலை 5 அன்று காலமானார். அவர் மகன் இசிதோர் நியெப்ஸ் தந்தையின் இடத்தில் கூட்டாளி ஆனார்.

உள்ளுறை படிமம்

1835 ஆம் ஆண்டளவில் டாகுவேர் தம் மிக முக்கியமான கண்டுபிடிப்பை நிகழ்த்தினார். தகட்டில் கண்ணுக்குத் தெரியும் படம் உருவாகும் வரை ஒளியில் வைத்திருக்க வேண்டியதில்லை. சிறிது நேரம் வைத்தாலே கண்ணுக்குப் புலப்படாத உள்ளுறை படிமம் ஒன்று உருவாகி விடுகிறது. பாதரச ஆவியைக் காட்டினால் அது வெளிப்படுகிறது என்பதே அது. உடைந்த வெப்பமானியிலிருந்து சிந்திய பாதரசத்தால் இது தற்செயலாகத் தெரிய வந்ததாகக் கூறப்படும் கதைக்கு உறுதியான சான்று இல்லை. இக்கண்டுபிடிப்பால், மணிக்கணக்கில் இருந்த ஒளிபடும் நேரம் நிமிடக்கணக்கில் குறைந்தது.

அடுத்து, வெளிப்பட்ட படம் மீண்டும் ஒளி பட்டுக் கெட்டுவிடாமல் நிலைநிறுத்த வேண்டியிருந்தது. 1837 இல் சமையல் உப்பின் அடர்ந்த கரைசலில் தகட்டைக் கழுவி டாகுவேர் இதில் வெற்றி கண்டார். சிற்ப வார்ப்புகளும் பிற பொருள்களும் அடுக்கி வைக்கப்பட்ட ஒரு மூலையைக் காட்டும் அவ்வாண்டின் படம் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளது.

அதே ஆண்டில் இசிதோருடன் புதிய ஒப்பந்தம் ஏற்பட்டது. புதிய முறை டாகுவேரின் பெயரை மட்டுமே தாங்கும் என்றும், அதனுடன் நியெப்சின் பழைய முறையும் சேர்த்து வெளியிடப்படும் என்றும் அதில் எழுதப்பட்டது. இசிதோர் மனமில்லாமலேயே இதை ஏற்றுக்கொண்டார்.

1838 ஆம் ஆண்டில் டாகுவேர் பாரிசின் புல்வார் டு தாம்ப்ல் என்னும் சாலையைத் தம் சாளரத்திலிருந்து படம் எடுத்தார். அது வண்டிகளும் மக்களும் நிறைந்த சாலையாயினும், பல நிமிடங்கள் ஒளி படவேண்டியிருந்ததால் நகர்ந்து சென்ற எவரும் படத்தில் பதியவில்லை. காலணிக்கு மெருகு போட்டுக்கொள்வதற்காக ஒரே இடத்தில் நின்ற ஒருவரின் உருவம் மட்டும் தெளிவாகப் பதிந்தது. மனிதர் இடம்பெற்ற மிகப் பழைய ஒளிப்படங்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

1839 ஆம் ஆண்டின் அறிவிப்பு

கண்டுபிடிப்பைப் பங்குகளாக விற்றுப் பணம் திரட்டும் முயற்சி 1838 இல் தோல்வியடைந்தது. முறையை வெளியே சொன்னால் எவரும் செய்து கொள்வர். சொல்லாவிட்டால் எவரும் நம்பிப் பணம் தரமாட்டார். இச்சிக்கலில் இருந்த டாகுவேருக்கு உதவியவர், வானியலாளரும் நாடாளுமன்ற உறுப்பினருமான பிரான்சுவா அராகோ ஆவார். அவர் 1839 ஜனவரி 7 அன்று அறிவியல் கழகத்தில் இக்கண்டுபிடிப்பைப் பற்றி, செய்முறையைச் சொல்லாமல், அறிவித்தார். பிரெஞ்சு அரசே இதை விலைக்கு வாங்கி உலகுக்கு வழங்க வேண்டும் என்பது அவருடைய கருத்து.

இச்செய்தி பிற ஆய்வாளர்களைப் பரபரப்புக்கு உள்ளாக்கியது. இங்கிலாந்தில் 1834 முதல் தாளில் படமெடுக்கும் ஆய்வுகளைச் செய்து வந்த வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்போட், தம் உரிமையை நிலைநாட்ட அதே மாதத்தில் தம் படங்களை இலண்டனில் காட்சிக்கு வைத்தார். பாரிசில் இப்போலித் பயார் என்னும் அரசு அலுவலர் தாளில் நேரடியாகப் படம் பதியும் முறையைத் தாமாகவே கண்டறிந்து, 1839 ஜூன் மாதத்தில் 30 படங்களைப் பொதுக் காட்சியில் வைத்தார். ஆனால் அராகோவின் ஆதரவு டாகுவேருக்கே இருந்ததால் பயாருக்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை. இதற்கு எதிர்ப்பாக, தாம் நீரில் மூழ்கி இறந்து கிடப்பது போன்ற ஒரு படத்தை அவர் 1840 இல் தாமே எடுத்துக்கொண்டார்.

இதற்கிடையே 1839 மார்ச் 8 அன்று பாரிசின் டயோராமா தீக்கிரையானது. அதன் ஓவியங்களும் டாகுவேரின் பல குறிப்புகளும் அழிந்தன. தந்திக் கருவியை உருவாக்கிய அமெரிக்கரான சாமுவேல் மோர்சைக் காண டாகுவேர் சென்றிருந்த நேரத்தில் இது நிகழ்ந்தது. இவருடைய முதன்மை வருமானம் இதனால் நின்றுபோயிற்று.

இறுதியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் மன்னர் லூயி பிலிப் 1839 ஆகஸ்ட் 7 அன்று கையொப்பமிட்டார். இதன்படி டாகுவேருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்கும், இசிதோருக்கு 4,000 பிராங்கும் வாழ்நாள் ஓய்வூதியமாக வழங்கப்பட்டன. டாகுவேரின் தொகையில் டயோராமாவின் இரகசியங்களுக்கான தொகையும் அடங்கும். ஆகஸ்ட் 19 அன்று அறிவியல் கழகமும் நுண்கலைக் கழகமும் கூடிய கூட்டத்தில் முழுச் செய்முறையும் வெளியிடப்பட்டது. டாகுவேர் பேசவில்லை, அவர் சார்பில் அராகோவே விளக்கினார். இடம் கிடைக்காத மக்கள் வெளியே திரண்டு நின்றனர்.

எனினும் இம்முறை எல்லா நாடுகளுக்கும் இலவசமாகக் கிடைக்கவில்லை. வெளியீட்டுக்கு ஐந்து நாட்களுக்கு முன்னரே, ஆகஸ்ட் 14 அன்று, டாகுவேரின் சார்பில் இங்கிலாந்தில் காப்புரிமை பெறப்பட்டது. இதனால் அங்கு தொழில் செய்வோர் பணம் செலுத்தி உரிமம் பெற வேண்டியதாயிற்று.

செய்முறை

டாகுவேரோடைப் முறை பின்வரும் படிகளைக் கொண்டது:

1. வெள்ளி பூசிய செப்புத் தகடு கண்ணாடி போல மின்னும் வரை மெருகேற்றப்படும்.
2. தகடு இருட்டில் அயோடின் ஆவியில் வைக்கப்படும். அதன் மேற்பரப்பில் ஒளியுணரும் வெள்ளி அயோடைடு உருவாகித் தகடு பொன்னிறமாகும்.
3. ஒளிப்படக் கருவியில் வைத்து ஒளி படச் செய்யப்படும். 1839 இல் இதற்கு வெளிச்சத்தைப் பொறுத்து 3 முதல் 30 நிமிடங்கள் வரை தேவைப்பட்டன.
4. சூடாக்கப்பட்ட பாதரசத்தின் ஆவி தகட்டின்மேல் படச் செய்யப்படும். ஒளி பட்ட இடங்களில் பாதரசம் வெள்ளியுடன் கலந்து வெண்மையாகப் படியும்.
5. எஞ்சிய வெள்ளி அயோடைடு உப்புக் கரைசலால் நீக்கப்படும். உப்புக்குப் பதிலாக, ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த, ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட் விரைவில் வழக்கத்துக்கு வந்தது.
6. தகடு நீரில் கழுவி உலர்த்தப்பட்டு, கண்ணாடியிட்டு மூடப்படும்.

இவ்வாறு கிடைக்கும் படம் பார்க்கும் கோணத்தைப் பொறுத்து நேர்ப்படமாகவோ எதிர்ப்படமாகவோ தோன்றும். கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறியும் இருக்கும். கையால் தொட்டாலே அழியக்கூடிய மென்மை உடையது. எனினும் அதன் நுணுக்கம் வியப்புக்குரியது. 1848 இல் சின்சினாட்டி நகரின் ஆற்றங்கரையைக் காட்டுமாறு எட்டுத் தகடுகளில் எடுக்கப்பட்ட படத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் தொலைவிலுள்ள கடிகாரத்தின் நேரத்தையும் அறிய முடிகிறது.

பரவலும் புகழும்

அறிவிப்பு வெளியான சில நாட்களிலேயே பாரிசின் வில்லைக் கடைகளில் மக்கள் குவிந்தனர். டாகுவேர் எழுதிய கையேடு பல பதிப்புகளைக் கண்டு, பல மொழிகளிலும் வெளியானது. டாகுவேரின் மனைவிக்கு உறவினரான அல்போன்ஸ் ஜிரூ தயாரித்த கருவித் தொகுதி 400 பிராங்குக்கு விற்கப்பட்டது. அதன் எடை சுமார் 50 கிலோகிராம். 1839 டிசம்பரிலேயே தியோடோர் மொரிசே என்னும் ஓவியர், டாகுவேரோடைப் பித்துப் பிடித்து அலையும் மக்கள் கூட்டத்தைக் கேலியாக வரைந்து வெளியிட்டார். 1840 ஆம் ஆண்டிலேயே இந்தியாவின் கல்கத்தாவில் டாகுவேரோடைப் கருவிகள் விற்பனைக்கு விளம்பரம் செய்யப்பட்டன.

தொடக்கத்தில் மனிதரைப் படமெடுப்பது கடினமாக இருந்தது. இச்சிக்கலை மூன்று மேம்பாடுகள் தீர்த்தன. 1840 இல் ஜோசப் பெட்ஸ்வால் வடிவமைத்த வில்லை பல மடங்கு கூடுதல் ஒளியை உள்ளே செலுத்தியது. அயோடினுடன் புரோமினையும் குளோரினையும் சேர்த்ததால் தகட்டின் ஒளியுணர்வு உயர்ந்தது. இப்போலித் பிசோ கண்டறிந்த பொன் கரைசல் முறை படத்தை உறுதியாகவும் செழுமையாகவும் ஆக்கியது. ஒளிபடும் நேரம் ஒரு நிமிடத்துக்கும் கீழே குறைந்தது. 1841 இல் ரிச்சர்ட் பியர்ட் இலண்டனில் படப்பிடிப்பு நிலையம் தொடங்கினார். படம் எடுத்துக்கொள்பவர் அசையாதிருக்கத் தலைக்குப் பின்னால் இரும்புத் தாங்கி பொருத்தப்பட்டது.

அதுவரை உருவப்படம் என்பது ஓவியருக்குப் பணம் தரக்கூடிய செல்வர்க்கே உரியதாக இருந்தது. டாகுவேரோடைப் அதை நடுத்தர மக்களுக்கும் தொழிலாளர்க்கும் எட்டச் செய்தது. காப்புரிமைத் தடை இல்லாத அமெரிக்காவில் இது மிகவும் வேகமாகப் பரவியது. 1850களில் அங்கு 25 சென்ட் விலையிலும் சிறிய படங்கள் கிடைத்தன. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் மட்டும் 1855 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஓராண்டில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டன. குழந்தை இறப்பு மிகுந்திருந்த அக்காலத்தில், இறந்த குழந்தையின் ஒரே நினைவாகப் பெற்றோரிடம் எஞ்சியது பல நேரங்களில் இத்தகைய படமே ஆகும். தோலுறையிட்ட சிறு பெட்டிகளில் வைத்து இவை பாதுகாக்கப்பட்டன.

அறிவியலிலும் பயணத்திலும் இம்முறை பயன்பட்டது. ஜான் வில்லியம் டிரேப்பர் 1840 இல் நிலவையும், பிசோவும் லியோன் ஃபூக்கோவும் 1845 இல் சூரியனையும் படமெடுத்தனர். ஜிரோ டி பிராங்கே என்பவர் 1842 முதல் 1845 வரை கிரீஸ், எகிப்து, சிரியா முதலிய நாடுகளில் பயணம் செய்து 800க்கும் மேற்பட்ட தகடுகளைக் கொண்டுவந்தார்.

பெயர் குறித்த சர்ச்சை

டாகுவேரின் புகழ் பெருகப் பெருக நியெப்சின் பெயர் மறைந்து வந்தது. 1841 இல் இசிதோர் ஒரு சிறுநூலை வெளியிட்டார். டாகுவேரோடைப் என்னும் பெயர் இக்கண்டுபிடிப்புக்குப் பொருந்தாது என்றும், அதன் பெருமை தம் தந்தைக்கே உரியது என்றும் அதில் வாதிட்டார். ஒளிப்படத்தை முதலில் நிலைநிறுத்தியவர் நியெப்ஸ் என்பதில் இன்று ஐயமில்லை. வெள்ளித் தகட்டையும் அயோடினையும் டாகுவேர் அறிந்ததும் அவர் வழியாகவே. அதே நேரத்தில், உள்ளுறை படிமத்தைப் பாதரச ஆவியால் வெளிப்படுத்தும் முறை நியெப்ஸ் இறந்த பின்னர் டாகுவேர் கண்டறிந்தது. இது இல்லாமல் ஒளிப்படம் மக்களிடம் பரவியிருக்க இயலாது. எனவே இருவரின் பங்கையும் பிரித்துக் கூறுவதே இன்றைய வரலாற்றாசிரியர்களின் வழக்கமாக உள்ளது.

இறுதிக்காலம்

ஓய்வூதியம் பெற்ற பின் டாகுவேர் பாரிசுக்கு வெளியே பிரி சுர் மார்ன் என்னும் ஊரில் குடியேறினார். ஒளிப்படத் துறையின் பிற்கால மேம்பாடுகளில் பெரும்பாலானவை பிறரால் செய்யப்பட்டவை. இவர் மீண்டும் ஓவியத்துக்கே திரும்பினார். 1842 இல் அவ்வூர்த் தேவாலயத்தின் பீடத்துக்குப் பின்னால், கட்டடம் நீண்டு செல்வது போன்ற தோற்றத்தைத் தரும் ஒரு டயோராமா ஓவியத்தை அமைத்தார். இவருடைய டயோராமா ஓவியங்களுள் இன்று எஞ்சியுள்ளது இது ஒன்றே. 1851 ஜூலை 10 அன்று பிரி சுர் மார்னில் மாரடைப்பால் காலமானார்.

செய்முறையின் மறைவு

டாகுவேரோடைப்பின் பெருங்குறை, ஒரு தகடு ஒரே படமாக இருந்ததும் அதிலிருந்து படிகள் எடுக்க இயலாததும் ஆகும். பாதரச ஆவி படமெடுப்போரின் உடல்நலத்தையும் பாதித்தது. டாகுவேர் இறந்த அதே 1851 ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஈரக் கொலோடியன் முறையை வெளியிட்டார். கண்ணாடியில் பதியும் ஓர் எதிர்ப்படத்திலிருந்து எத்தனை படிகளையும் தாளில் எடுக்க அது வழிசெய்தது. ஆர்ச்சர் அதற்குக் காப்புரிமையும் பெறவில்லை. இதனால் 1850களின் இறுதிக்குள் டாகுவேரோடைப் பெரும்பாலும் வழக்கொழிந்தது. எதிர்ப்படத்திலிருந்து படிகளை எடுக்கும் பிற்கால ஒளிப்பட மரபு, டால்போட் தொடங்கிய வழியிலேயே வளர்ந்தது.

நினைவு

பாரிசின் ஈபெல் கோபுரத்தில் பொறிக்கப்பட்டுள்ள 72 அறிஞர்களின் பெயர்களில் டாகுவேரின் பெயரும் ஒன்று. அப்பட்டியலில் அராகோவும் பிசோவும் உள்ளனர், நியெப்ஸ் இல்லை. நிலவிலுள்ள ஒரு கிண்ணக்குழிக்கும் டாகுவேரின் பெயர் இடப்பட்டுள்ளது. செய்முறை வெளியிடப்பட்ட ஆகஸ்ட் 19 ஆம் நாள் ஆண்டுதோறும் உலக ஒளிப்பட நாளாகக் கொண்டாடப்படுகிறது. டாகுவேர் தம் கையால் எடுத்த படங்களுள் இன்று கிடைப்பவை மிகச் சிலவே. ஆயினும் அவர் முறையைக் கற்றுப் பிறர் எடுத்த ஏராளமான தகடுகள் அருங்காட்சியகங்களிலும் குடும்பச் சேகரிப்புகளிலும் இன்றும் உள்ளன.